டாக்டர் அம்மா பதில்கள்: மைனர் பங்கு

இந்த மாதம் சளி, காய்ச்சல், பல் முளைப்பது பற்றி வந்த கடிதங்களை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஆணா பெண்ணா என்று பார்த்ததும் சொல்ல முடியாமல் பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டு, கீழே முதலில் இருக்கும் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அந்தப் பெண்ணிடம் அன்றே போனில் பேசிவிட்டேன். ஆனாலும் அதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். இதே விஷயமாக முன்பே வந்து, பதில் சொல்லாமல் வைத்திருந்த மூன்று கடிதங்களையும் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 23 வயது. தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். குழந்தை பிறந்ததும் நர்ஸ் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். கீழே பார்த்தால் எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்து சி.ஏ.எச். என்கிற பிறவி ஹார்மோன் நோய் என்றார்கள். குரோமோசோம் பெண்ணுடையது, கர்ப்பப்பையும் இருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது குழந்தைக்கு 45 நாள். ஒரு தனியார் டாக்டர், ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார். பேர் வைக்கும் விசேஷத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று மாமியார் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மாடி, மாமியாரிடம் நகையைப் பெட்டியிலேயே வைக்கச் சொல். உன் குழந்தைக்கு அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை நீ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாய். அந்த மாத்திரை.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியில் ஒரு என்சைம் குறைவாக இருப்பதுதான் உன் குழந்தையின் நோய். அது குறைந்தால், உடம்பில் உப்பை நிறுத்தி வைக்கிற ஹார்மோனும், காய்ச்சல், காயம் வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற கார்ட்டிசோலும் சரியாகச் சுரக்காது. அதற்குப் பதிலாக ஆண் ஹார்மோன் அதிகமாகிவிடும். வயிற்றுக்குள் இருக்கும்போதே அது அதிகமாக இருந்ததால்தான் பெண் குழந்தையின் உறுப்பு வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. அந்த வடிவத்தால் குழந்தைக்கு ஒரு வலியும் இல்லை. ஆபத்து உப்பில் இருக்கிறது. பிறந்த இரண்டாவது வாரத்தில் பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், எடை இறங்கும். சோடியம் கீழே போய் பொட்டாசியம் மேலே ஏறிவிடும். கவனிக்காவிட்டால் சில நாளில் உயிரே போய்விடும்.

நான் குழந்தைகள் வார்டில் 31 வருடம் இருந்தவள். இந்த நோயால் இறந்து நான் பார்த்தவர்களில் ஆண் குழந்தைகள்தான் அதிகம். ஏன் என்றால் ஆண் குழந்தைக்கு வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாந்தி, வயிற்றுக் கோளாறு என்று நினைத்து கிரைப் வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறந்து பன்னிரண்டாவது நாள் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். ரிசல்ட் சீட்டு கைக்கு வந்தபோது கட்டிலில் குழந்தை இல்லை. உன் குழந்தையின் உடம்பு முன்கூட்டியே ஒரு அடையாளம் காட்டியதால்தான் சீக்கிரம் டெஸ்ட் எடுத்தார்கள், நோய் தெரிந்தது. எந்த வடிவத்தை வெட்டி எறியச் சொல்கிறார்களோ அதுதான் உன் பிள்ளையைக் காப்பாற்றியது.

மாத்திரைக்கு ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு தாய் செய்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை ஹைட்ரோகார்ட்டிசோன். பச்சைக் குழந்தைக்கு முழு மாத்திரை கிடையாது, பொடித்துப் பங்கு போட வேண்டும். அந்தம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாளை மூன்றாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் பொடியை வைத்து மடித்து, ஒரு டப்பாவில் வரிசையாக அடுக்கிவிடுவார். தாளில் தேதி இருக்கும், அதன் மேல் காலை, மதியம், இரவு என்று பேனாவில் எழுதியிருப்பார். ஒரு வேளை தவறினால் டப்பாவைத் திறந்ததும் தெரிந்துவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் இன்னொரு மாத்திரையும், பாலில் கலக்கச் சொன்ன உப்பும் தவறாமல் போக வேண்டும். காய்ச்சல் வந்தால் டோஸை எவ்வளவு கூட்டுவது, வாந்தி எடுத்தால் எந்த ஊசி என்று உன் டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, லேமினேட் செய்து, குழந்தையின் பையிலேயே வைத்துவிடு. நடுராத்திரியில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அந்தச் சீட்டைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதற்குத் தடை இருக்கிறது. 2019 ஏப்ரல் 22-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றித்தான். அதோடு நிறுத்தாமல், இடைபாலினக் குழந்தைகளுக்கு (உன் பிள்ளை மாதிரி, ஆண் பெண் என்ற வழக்கமான அமைப்பில் அடங்காத உடம்போடு பிறந்தவர்களுக்கு) இந்த மாதிரி அறுவை சிகிச்சை செய்வதையும் தடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டார். மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் போன்றவர்கள் இதற்காக வருடக்கணக்கில் பேசி வந்ததை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அதில் இருக்கிறது. இந்தக் குழந்தை குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அது அதன் உரிமை என்றும் இருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் விலக்கு. உன் குழந்தைக்கு மூத்திரம் தடையில்லாமல் போகிறது என்று போனில் சொன்னாய். அப்படியென்றால் அந்த விலக்குக்கு இங்கே இடமே இல்லை.

'யாருக்கும் தெரியாது' என்று சொன்னாராமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரே ஆபரேஷனோடு முடிகிற விஷயமாக நான் இதைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஆபரேஷனில் உண்டாக்கிய பெண்ணுறுப்புப் பாதை வளர வளரச் சுருங்கும். அது சுருங்காமல் இருக்கக் கருவி வைத்து விரிக்கச் சொல்வார்கள், அதைச் செய்ய வேண்டியது பெற்ற தாய். வயதுக்கு வந்த பிறகு மறுபடியும் ஆபரேஷன். உணர்ச்சி நரம்புகள் நெருக்கமாக ஓடுகிற இடம் அது. அங்கே போனது திரும்பாது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில் கல்யாணம் ஆகும்போது தெரிய வேண்டிய சுகம், ஆறாவது மாதத்தில் யாரோ ஒருவர் கையில் போய்விடும். வெளியில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

பெண்ணாக வளர்ப்பதற்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. உன் குழந்தைக்கு இருக்கிற நோயில் பெண் குரோமோசோம் உள்ளவர்கள் பெரும்பாலும் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்து வளர்கிறார்கள். எல்லோரும் என்று சொல்லமாட்டேன். நாளைக்கு இவள் வேறு மாதிரி சொன்னால், அன்றைக்கு இவள் உடம்பு இவளிடம் முழுசாக இருக்க வேண்டும். இப்போது தாராளமாகப் பெண் பேர் வை, தொட்டில் போடு, காது குத்து. பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமே கிடையாது, அதற்கும் பதற வேண்டாம்.

ஊர் வாய்க்கு உன் பயம் எனக்குப் புரிகிறது. கிராமத்தில் பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு வயதான அம்மா வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பார். சுற்றிலும் நாலு பேர் நிற்பார்கள். விஷயம் தெருவுக்குப் போவது அங்கிருந்துதான். குளிப்பாட்டுவதை நீயோ உன் அம்மாவோ எடுத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்கிறவர்களிடம் 'பொண்ணுதான், ஒரு ஹார்மோன் குறைவு, மாத்திரை கொடுக்கிறோம்' என்று சொன்னால் போதும். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

இன்னொன்று. தாய்மாமனைக் கட்டியதால்தான் என்று யாராவது உன்னைக் குத்திக்காட்டுவார்கள். நெருங்கின சொந்தத்தில் கட்டும்போது இந்த மாதிரிப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, உண்மைதான். அதற்காக அது உன் குற்றமோ உன் மாமன் குற்றமோ ஆகிவிடாது. ஆனால் அடுத்த பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதனால் கரு தரித்ததுமே டாக்டரிடம் சொல்லிவிடு. அது ஆண் குழந்தையாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே டெஸ்ட் எடுக்க வேண்டும்.

கேள்வி: உதடு பிளந்து பிறந்தால் தைக்கிறோம். ஆறாவது விரல் இருந்தால் எடுக்கிறோம். இதை மட்டும் ஏன் கூடாது என்கிறீர்கள்? பெற்ற பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்ய அப்பா அம்மாவுக்கு உரிமை இல்லையா? கேலியில் இருந்து பிள்ளையைக் காப்பாற்ற நினைப்பது தப்பா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, கேலிக்குப் பயந்து கேட்கிற அப்பாவை நான் தப்பாக நினைக்கவே மாட்டேன். அந்தப் பயத்தில் அன்புதான் இருக்கிறது.

உதட்டைத் தைத்தால் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, தெளிவாகப் பேசுகிறது. அதனிடம் இருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஆறாவது விரலை எடுத்தவர் யாரும் பெரியவரானதும் 'நான் யார்' என்று கேட்டு என்னிடம் வந்ததில்லை. இங்கே கை வைப்பது ஒரு மனிதரின் சுகம், சந்ததி, தான் யார் என்கிற நினைப்பு மூன்றும் சேருகிற இடத்தில்.

பெற்றோர் உரிமைக்கு நீங்கள் நன்றாக அறிந்த ஒரு உதாரணம் சொல்கிறேன். தாத்தா பேரனுக்கு அரை ஏக்கர் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். பேரன் மைனர். அப்பாதான் கார்டியன். உழலாம், விதைக்கலாம், வேலி போடலாம். விற்க முடியுமா? 1956-ஆம் வருடச் சட்டப்படி கோர்ட் அனுமதி இல்லாமல் முடியாது. மைனர் பங்கு இருக்கிற நிலம் என்று தெரிந்தால் வாங்க வருகிறவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். அரை ஏக்கர் புஞ்சைக்கு நம் ஊரில் இவ்வளவு காவல் இருக்கிறது. உடம்பும் மைனர் பங்குதான் ஐயா. நாம் ஊட்டலாம், தடுப்பூசி போடலாம், நோய் வந்தால் வைத்தியம் பார்க்கலாம். திரும்பி வராத ஒன்றைக் கொடுத்துவிட நமக்குக் கையெழுத்து உரிமை கிடையாது.

நாங்கள் டாக்டர்கள் இந்த வழிக்கு எப்படிப் போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் மணி என்ற உளவியலாளர், குழந்தையை எப்படி வளர்க்கிறோமோ அப்படியே அது ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிவிடும், சீக்கிரம் உடம்பை மாற்றிவிட்டால் போதும் என்றார். அதற்கு அவர் பின்னாளில் காட்டிய பெரிய சாட்சி கனடாவில் 1965-இல் பிறந்த இரட்டையரில் ஒரு பையன். அவன் இடைபாலினக் குழந்தை கூட இல்லை. சுன்னத்து செய்யும்போது ஆன விபத்தில் உறுப்பு போய்விட்டது. பெண்ணாக மாற்றி, பெண் பேர் வைத்து வளர்த்தார்கள். வெற்றி என்று எழுதிவிட்டார் மணி. அந்தப் பிள்ளையோ வயது வந்த பருவத்தில் உண்மை தெரிந்ததும் ஆணாகவே வாழ ஆரம்பித்துவிட்டார். டேவிட் ரைமர் என்பது அவர் பின்பு வைத்துக்கொண்ட பேர். 2004-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஆனால் அந்த 'வெற்றி'யை நம்பி உலகம் முழுவதும் எத்தனையோ பச்சைக் குழந்தைகள் ஆபரேஷன் மேஜையில் படுத்தாகிவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கமாட்டேன். சி.ஏ.எச். உள்ள பெண்களிலேயே சிலர், 'எனக்கு நினைவு தெரியும் முன்பே செய்துவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று' என்று சொல்கிறார்கள். சர்ஜன்களிலும் அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனாலும் காத்திருந்தவர் பதினெட்டு வயதில் வேண்டும் என்றால் செய்துகொள்ளலாம். செய்யப்பட்டவர் பதினெட்டு வயதில் வேண்டாம் என்றால் என்ன செய்வார்? என் முடிவு அங்கேதான் நிற்கிறது. மூத்திரம் போக வழி இல்லை, அடைப்பு இருக்கிறது, உள்ளே புற்றுநோய் வரக்கூடிய திசு இருக்கிறது என்றால் நானே முதல் ஆளாக ஆபரேஷனுக்கு எழுதுவேன். பார்க்க எப்படி இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. மால்டா என்கிற சின்ன நாடு 2015-இலேயே சட்டம் போட்டு இதைத் தடுத்துவிட்டது.

கேள்வி: இப்படிப் பிறக்கிற பிள்ளை பெரியதானதும் திருநங்கை ஆகிவிடுமா?
– ஒரு சித்தி, பரமக்குடி

பதில்: இரண்டும் வேறு வேறு. இடைபாலினம் என்பது பிறக்கும்போது உடம்பின் அமைப்பு, அதாவது குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு சம்பந்தப்பட்டது. திருநங்கை என்பது பிறந்ததும் ஊர் சொன்ன பாலினத்துக்கும் மனசு சொல்கிற பாலினத்துக்கும் உள்ள வேறுபாடு. இடைபாலினராகப் பிறந்தவரில் ஆணாக, பெண்ணாக, திருநங்கையாக எப்படியும் வாழ்கிறவர்கள் உண்டு. வெளியே எதுவுமே தெரியாமல் வாழ்கிறவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்திரராஜன் 2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். அப்புறம் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் உடம்பு அவரை ஓட வைத்தது. அவமானப்படுத்தியது மனிதர்கள்தான். சித்தி, உங்களிடம் ஒரே வேண்டுகோள். 'ரெண்டுங்கெட்டான்' என்ற வார்த்தை உங்கள் வீட்டில் புழங்கினால் இன்றோடு நிறுத்துங்கள். கேட்கிற குழந்தை எது என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: எனக்கு 22 வயது. அடிவயிற்றிலும் கீழேயும் தழும்பு இருக்கிறது. இரண்டு வயதில் ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறார். இதுவரை மாதவிலக்கு வரவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை என்றார்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கேட்டால் அந்த வருடத்துக் கேஸ் ஷீட் இல்லை என்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் அழுகிறார். எனக்கு என்ன செய்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள மகளே, (உங்களுக்கு வேறு விதமாக அழைப்பது பிடிக்கும் என்றால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.) டாக்டர்களுக்கான விதிமுறை கேஸ் ஷீட்டை மூன்று வருடம்தான் வைத்திருக்கச் சொல்கிறது. இரண்டு வயதில் மேஜையில் படுத்த பிள்ளை கேள்வி கேட்கிற வயதுக்கு வரும்போது தாள் கரையான் புற்றுக்குப் போயிருக்கும். இந்த ஆபரேஷன்களில் எனக்கு மிகவும் வலிக்கிற அநியாயம் இதுதான்.

தாள் இல்லாவிட்டாலும் உடம்பு சொல்லும். குரோமோசோம் டெஸ்ட், ஹார்மோன் அளவு, எம்.ஆர்.ஐ. இவற்றை வைத்து ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் நோய்களுக்கான டாக்டர், பெரும்பாலும் நடந்ததைக் கணித்துவிடுவார். தள்ளிப் போடாதீர்கள். ஹார்மோன் சுரக்கிற உறுப்பை அன்று எடுத்துவிட்டிருந்தால், மருந்தாக அதைக் கொடுக்காவிட்டால் இந்த வயதிலேயே எலும்பு பலவீனமாகும். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் 'ஏன் செய்தாய்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அம்மாவிடமும் அன்று முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நானும் கை வைத்தவள். மேல் படிப்புக்காக ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இருந்த காலம். நாலு வயதுக் குழந்தை. ஆண் குரோமோசோம், சின்ன உறுப்பு, பெண்ணாக்குவது சுலபம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. காலையில் தள்ளுவண்டியில் ஸ்டீல் தட்டு குலுங்குகிற சத்தம் வராந்தாவில் கேட்டதுமே அந்தக் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி வளையல் போட்டிருக்கும். நான்தான் குனிந்து, அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுப்பேன். இது சரியா என்று அப்போது நான் யாரையும் கேட்கவில்லை.

இருபது வருடம் கழித்து என் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். அரைக்கைச் சட்டை, மீசை முளைக்காத முகம். ஆணாக வாழ்கிறார். அவர் அப்பா ஞாபகம் வைத்திருந்த ஒரே டாக்டர் பேர் என்னுடையது. "மேடம், என்கிட்ட இருந்து என்ன எடுத்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பழைய ரெக்கார்டு அறைக்கு நானே போய்த் தேடினேன். இல்லை. திரும்பி வந்து, என் லெட்டர்ஹெட்டில், எனக்கு நினைவில் இருந்த எல்லாவற்றையும், என்ன எடுத்தார்கள், எத்தனை நாள் வார்டில் இருந்தார், நான் என்ன செய்தேன் என்பதை எல்லாம் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன். உங்களுக்கு ஆபரேஷன் நடந்த ஊரில் அன்றைக்கு அந்த வார்டில் டியூட்டி பார்த்த நர்ஸ் ஒருவர், ஆயா ஒருவர் இன்றும் இருப்பார். ரிட்டயர் ஆகி வீட்டில் இருப்பார். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். போக முடியாவிட்டால் ஊர் பேரையும் வருடத்தையும் மட்டும் எனக்கு எழுதுங்கள், நான் விசாரிக்கிறேன்.